ஊசி மருந்தும் வினா-விடை இலக்கியமும்

விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றையே கருத்திற் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஒரு சமூகம் தன் வாழ்வைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய வேளையில் எதனைப் படிக்கின்றதோ, அதுவும் அச்சமூகத்தின் எழுத்தேயாகும். வைத்தியசாலைகளிலும் மருந்துக் கடைகளிலும் வழங்கப்படும் துண்டுப் பிரசுரங்களை இலக்கியம் என்று எவரும் கொள்வதில்லை. எனினும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நாவல் படிப்போர் சிலராகவும் இவற்றைப் படிப்போர் பலராகவும் இருப்பதை நாம் காண்கின்றோம். எழுத்தறியாத முதியோர்க்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுகின்றனர். அவ்வாறு வாசிக்கப்படும் ஒரு வாக்கியத்தின் தெளிவிலோ மயக்கத்திலோ ஒரு குடும்பத்தின் மாதச் செலவும், சில வேளைகளில் ஓர் உயிரும் தங்கியிருக்கின்றன. அத்தகைய எழுத்தை விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதென்று விட்டுவிட முற்போக்கு எழுத்தாளர்க்கு உரிமையில்லை.

இன்று உலகெங்கும் பேசப்படும் மருந்து, வாரத்திற்கு ஒருமுறை தோலின் கீழ் ஏற்றப்படும் எடைக்குறைப்பு ஊசி. செமாகுளுட்டைட், டிர்செபடைட் என்பன அவ்வகையில் முதன்மையானவை. ‘ஒசெம்பிக்’, ‘வெகோவி’, ‘மௌஞ்சாரோ’ என்ற வணிகப் பெயர்கள் இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் உறவினர் வாயிலாகக் கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அப்பெயர்களைப் பின்தொடர்ந்து, ‘நோயாளர் வழமையாகக் கேட்கும் வினாக்கள்’ என்ற தலைப்பிலான பிரசுரங்களும் வந்துள்ளன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில், ஒருசில தமிழ் மொழிபெயர்ப்பில். நாம் அவற்றுட் சிலவற்றை ஒருங்கு வைத்துப் படித்தோம். எந்த ஒரு நிறுவனத்தையும் குறித்துக் குற்றஞ் சாட்டுவது நமது நோக்கமன்று. ஒரு வகை எழுத்தின் இயல்பை ஆராய்ந்து, அது யாருக்காகப் பேசுகின்றது என்று காண்பதே நோக்கமாகும்.

வினா-விடை என்ற வடிவம் தமிழுக்குப் புதியதன்று. 1579ஆம் ஆண்டில் கொச்சியில் அச்சேறிய ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவும் விடையுமாக அமைந்த நூல். தமிழில் முதன்முதல் அச்சு வாகனமேறிய நூல்களுள் அதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவ சமயத்தை மாணவர்க்குப் போதிக்க இதே வடிவத்தைக் கைக்கொண்டார். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு முயற்சிகளும் வடிவத்தால் ஒன்றுபட்டவை. கேட்பவன் அறியாதவன், விடை கூறுபவன் அறிந்தவன், ஆனால் இருவருக்கும் சொல்லை எழுதிக் கொடுப்பவன் ஒருவனே. விடை முதலில் ஆயத்தமாகின்றது. அதற்கேற்ற வினா பின்னர் இயற்றப்படுகின்றது. சமயப் போதனைக்கு இது பொருந்தலாம். கிளினிக் கொப்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கும் மனிதனுக்கு இது பொருந்துமா என்பதே நமது கேள்வி.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பாடசாலையில் மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் இப்பாகுபாடு விளம்பர யுகத்தில் எத்துணைப் பயனுடையது என்பதை இப்பிரசுரங்கள் உணர்த்துகின்றன. நோயாளி கேட்பது அறியாவினா, அன்றேல் ஐயவினா. ‘இந்த மருந்து எனது சிறுநீரகத்திற்கு ஒத்துக்கொள்ளுமா?’ என்பவர் அறிய விரும்புகின்றார். ‘மெலிவது நன்மையா, அல்லது மெலிவே வேறொரு வருத்தத்தின் அறிகுறியா?’ என்பவர் ஐயுறுகின்றார். பிரசுரங்களிலோ ‘எத்தனை வாரத்தில் பலன் தெரியும்?’ என்பதே முன்வரிசையில் நிற்கின்றது. அது நோயாளியின் வாயில் வைக்கப்பட்ட வணிகனின் வினா. இல்லாதவனுக்குக் கொடுக்கும் பொருட்டு ‘ஆடை இல்லையோ?’ என்று கேட்பதைக் கொடைவினா என்பர். இங்கு விற்பவன் கொடுப்பவனின் வேடம் பூண்டு நிற்கின்றான்.

விடையை எட்டாக வகுத்த பவணந்தியார், சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றையும் செவ்வன் இறை என்றார். அவை நேரடி விடைகள். ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பினால் விடையாவன. பிரசுரங்களில் நன்மை பற்றிய வினாக்களுக்கெல்லாம் நேர்விடை கிடைக்கின்றது. துன்பம், விலை, காலம் என்பன பற்றிய வினாக்களுக்கோ ‘உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்’ என்ற ஏவல்விடையே கிடைக்கின்றது. வைத்தியரைக் கேட்க வேண்டியது உண்மைதான். ஆனால், எந்தெந்த இடத்தில் எழுத்து பேசுகின்றது, எந்தெந்த இடத்தில் வைத்தியரின் முதுகின் பின்னால் ஒளிந்துகொள்கின்றது என்பதைக் கவனித்தாலே அதன் வர்க்கச் சார்பு புலனாகிவிடும்.

நிற்க. மருந்தைப் பற்றிய உண்மைகளை முதலிற் கூறிவிடுதல் முறையாகும். உணவு உண்டபின் நமது குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்ற ஹோர்மோன் சுரக்கின்றது. குருதியில் சீனி மிகும்போது சதையியிலிருந்து இன்சுலின் சுரப்பதை அது தூண்டுகின்றது. இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துகின்றது. மூளையில் பசியுணர்வைத் தணிக்கின்றது. இயற்கையான ஹோர்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே பணியைச் செய்யுமாறு அமைக்கப்பட்ட செமாகுளுட்டைட்டின் அளவு உடலிற் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். வாரம் ஓர் ஊசி போதுமானதன் காரணம் இதுவே. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 டிசம்பரில் அதை நீரிழிவுக்கும், 2021 ஜூனில் கூடிய அளவில் எடைக்குறைப்புக்கும் அனுமதித்தது. இவ்வாராய்ச்சிக்காக 2024இல் லஸ்கர் விருது பெற்ற மூவருள் ஸ்வெட்லானா மொய்சோவ் என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர்; அவரது பங்கு பல்லாண்டுகள் உரியவாறு மதிக்கப்படாதிருந்தது. விஞ்ஞானம் மனித உழைப்பின் திரட்சி என்பதற்கு இதுவும் சான்று. நாம் விஞ்ஞானத்தை எதிர்ப்பவர் அல்லர். விஞ்ஞானத்தின் பயனை மக்களுக்கு மறைத்தும் குறைத்தும் கூறும் எழுத்தையே எதிர்க்கின்றோம்.

‘எவ்வளவு எடை குறையும்?’ என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். சராசரி 15 விழுக்காடு என்பது பிரசுரங்களின் விடை. 2021இல் வெளியான ஆய்வொன்றில் 1,961 பேர் பங்குபற்றினர்; 68 வாரங்களின் முடிவில் செமாகுளுட்டைட் பெற்றோர் சராசரி 14.9 விழுக்காடும், வெற்று ஊசி பெற்றோர் 2.4 விழுக்காடும் எடை குறைந்தனர். விடை பொய்யன்று. ஆனால் அந்த ஆய்விற் சேர்ந்தோரின் சராசரி எடை 105 கிலோ. நான்கில் மூவர் வெள்ளையர். நீரிழிவு உள்ளோர் அதிற் சேர்க்கப்படவில்லை. நீரிழிவு உள்ளோரிடையே அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் குறைந்த எடை 9.6 விழுக்காடே. நம் பிரதேசத்தில் இந்த ஊசியைப் பற்றி விசாரிப்போர் பலர் ‘சீனி வருத்தம்’ உள்ளவர்கள். அவர்களிடம் முதல் எண்ணை மாத்திரம் கூறி இரண்டாவது எண்ணை விடுத்தல் பொய்யுரை ஆகாது. ஆயினும் அது உண்மையுரையும் ஆகாது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, ‘இந்த ஊசி யாருக்கு உரியது?’ என்ற வினா. உடல் நிறைச் சுட்டி 30 அல்லது, கூடவே வேறு நோய் இருப்பின், 27 என்ற மேலைநாட்டு அளவு அப்படியே மொழிபெயர்க்கப்படுகின்றது. ஆசிய மக்களுக்கு அதனிற் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றின் ஆபத்துத் தொடங்குகின்றது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே எடுத்துரைத்து, 23 என்ற அளவிலிருந்தே கவனம் வேண்டும் என்றது. வயிறு மாத்திரம் பருத்து, கைகால் மெலிந்திருக்கும் நமது ஊர்க் கமக்காரன் மேலைநாட்டுப் பட்டியலின் முன் நோயற்றவனாகத் தோன்றுவான். அவனுக்கு ஊசி வேண்டும் என்பதன்று நமது வாதம். அவனுக்கு எச்சரிக்கை வேண்டும் என்பதே. வேற்று உடலுக்கு அளந்த சட்டையை நமக்கு மாட்டிவிடும் மொழிபெயர்ப்பு, சொல் பிழையற்றதாயினும் பொருள் பிழையுடையது.

பக்க விளைவுகள் பற்றிய பகுதியில் மொழியின் குற்றம் இன்னும் வெளிப்படையானது. ‘இரைப்பை-குடல் சார்ந்த பாதக நிகழ்வுகள் பொதுவாக மிதமானவை, தற்காலிகமானவை’ என்ற பாணியிலான வாக்கியத்தை எமது முதியோருக்கு வாசித்துக் காட்டினால் அவர்கள் என்ன விளங்கிக்கொள்வர்? ‘ஓங்காளம் வரும், சத்தி வரும், சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல்’ என்று கூறத் தமிழிற் சொல் இல்லையா? மேற்கூறிய முதல் ஆய்வில் 44 விழுக்காட்டினர்க்கு ஓங்காளமும், 25 விழுக்காட்டினர்க்குச் சத்தியும் ஏற்பட்டன. பெரும்பாலானோர் தாங்கிக்கொண்டனர் என்பதும் உண்மை. இக்காரணத்தால் ஊசியைக் கைவிட்டோர் 4.5 விழுக்காட்டினரே. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாக அளவைக் கூட்டுவதன் நோக்கமும் இத்துன்பத்தைத் தணிப்பதே. இவ்வளவையும் எளிய தமிழிற் சொல்லலாம். சதையி அழற்சி, பித்தக்கல் ஆகியன அரிதாயினும் நேரக்கூடும்; ஆகையால் வயிற்றில் கடும் நோவு முதுகுவரை பரவி விடாது நின்றால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தைரொயிட்டின் ஒருவகைப் புற்றுநோய் குடும்பத்தில் உள்ளோர் இதனைப் பாவித்தல் ஆகாது. பிள்ளை பெற விரும்பும் பெண் குறைந்தது இரண்டு மாதம் முன்னரே இதை நிறுத்த வேண்டும். குறையும் எடையில் கொழுப்போடு தசையும் அடங்கும் என்பதால் மீன், முட்டை, பருப்பு போன்ற உணவும் உடற்பயிற்சியும் அவசியம். மக்கள் மொழியில் எழுதினால் விஞ்ஞானத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். குறைவது விஞ்ஞானத்தின் மதிப்பன்று; விஞ்ஞானத்தைத் தம் தனியுடைமையாகக் கருதுவோரின் மதிப்பே.

‘ஊசியை நிறுத்தினால் என்ன நிகழும்?’ என்பது நோயாளர் உள்ளத்தில் எழும் மிகப் பெரிய ஐயவினா. இதற்குப் பிரசுரங்கள் பெரும்பாலும் ‘வாழ்க்கை முறை மாற்றங்களைத் தொடர்வது முக்கியம்’ என்கின்றன. இது இனமொழி விடை. கேட்டதை விடுத்து அதன் இனமான ஒன்றைக் கூறுவது. செவ்வன் இறை வேறு. மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதென 2022இல் வெளியான தொடராய்வு காட்டிற்று. அதாவது, இது காய்ச்சலுக்கு ஐந்து நாள் விழுங்கும் குளிசை அன்று. குருதியழுத்தத்திற்கான மருந்தைப் போல நெடுங்காலம் தொடர வேண்டியது. இவ்வுண்மை வைத்தியத்தில் மாத்திரம் நின்றுவிடுவதில்லை; உடனே பொருளாதாரமாகிவிடுகின்றது. ஆறு மாதம் நகையை அடகு வைத்து ஊசி வாங்கிய குடும்பம் ஏழாம் மாதம் என்ன செய்யும்? எடையும் திரும்பும், கடனும் நிற்கும்.

ஆகவே விலையைப் பற்றிய வினாவுக்கு வருகின்றோம். நாம் பார்த்த பிரசுரங்களில் அது பெரும்பாலும் இல்லை. மௌனமும் ஒரு விடையே. 2021இல் அமெரிக்காவில் வெகோவி அறிமுகமானபோது ஒரு மாத மருந்தின் பட்டியல் விலை 1,300 டாலருக்கு மேல். 2024இல் வெளியான ஆய்வொன்று, செமாகுளுட்டைட்டை நியாயமான இலாபத்துடன் மாதம் ஒன்றுக்கு 5 டாலருக்கும் குறைவாக உற்பத்தி செய்து வழங்க முடியும் என மதிப்பிட்டது. இடையிலுள்ள வேறுபாடு எங்குச் செல்கின்றது என்பதற்கு விரிவுரை வேண்டியதில்லை. 2023இல் அம்மருந்தை உற்பத்தி செய்யும் கம்பனியின் சந்தை மதிப்பு அதன் தாய்நாடான டென்மார்க்கின் வருடாந்த மொத்த உற்பத்தியை விஞ்சிற்று. இதே நீரிழிவின் வரலாற்றில், 1921இல் டொரொன்டோவில் இன்சுலினைக் கண்டவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்ற பெயரளவுத் தொகைக்குப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர் என்பதையும் நினைவுகூர வேண்டும். மனிதகுலத்தின் மருந்தாய்த் தொடங்கிய மரபு பங்குச் சந்தையின் மருந்தாய் முடிந்த கதை இது. இந்தியாவில் செமாகுளுட்டைட்டின் காப்புரிமைக்குரிய காலவெல்லை 2026 மார்ச். பல உற்பத்தியாளர் போட்டியிடும் இடத்தில் விலை இறங்கும் என்பதை அனுபவம் காட்டுகின்றது. அத்தகைய செய்தியை நோயாளிக்குச் சொல்லாத பிரசுரம் யாருக்குச் சொந்தமானது?

இனி, கேட்கப்படாத வினாக்களைக் காண்போம். ஒரு பிரதேசத்தின் வாழ்வை அறியாதவர் எழுதிய வினா-விடையில் அப்பிரதேசத்தின் வினா இருக்க முடியாது.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்குக என்பது பொது அறிவுரை, உறையவிடலாகாது, பாவிக்கத் தொடங்கியபின் சில வாரங்கள் 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் வைக்கலாம். வாவிக் கரையில் 30 பாகையைத் தாண்டாத பகல்கள் எத்தனை? குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டார் என் செய்வர்? 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதே. அத்தகைய நாளில் மருந்து பழுதுற்றதா என்று எவ்வாறு அறிவது? நிறம் மாறிய, கலங்கிய, அல்லது உறைந்து இளகிய மருந்தை வீசிவிட வேண்டும் என்ற ஒரு வரி, எடை குறைந்தோரின் புன்னகைப் படங்கள் நான்கினும் பயனுடையது.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கேட்கப்படும் வினா வேறு. ‘நோன்பு காலத்தில் இதைப் போடலாமா? இது பன்றியிலிருந்து எடுக்கப்படுவதா?’ முன்னாளில் இன்சுலின் பன்றியினதும் மாட்டினதும் சதையியிலிருந்து பெறப்பட்டமையால் இவ்வையம் எழுவது இயல்பே. செமாகுளுட்டைட்டின் அடிப்படைக் கூறு நொதியத்தைக் கொண்டு ஆக்கப்படுவது என்று ஒரு வரியில் விளக்கலாம். நோன்பைப் பொறுத்தவரை, ஊசியோடு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ சேர்த்துப் பெறுவோர்க்குச் சீனி மட்டுமீறி இறங்கும் ஆபத்து உண்டு. சத்தியும் வயிற்றோட்டமும் இருப்பின் நீரிழப்பும் சேரும். எனவே நோன்புக்கு முன்னரே வைத்தியருடன் அளவுகளைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். இவற்றை எழுத அதிக அறிவு வேண்டியதில்லை. அயலவரின் வாழ்வை மதிக்கும் பண்பு போதும்.

மூன்றாவது, போலி மருந்து பற்றிய வினா. போலிச் செமாகுளுட்டைட் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து 2023இல் இந்நாட்டை உலுக்கிய விவகாரத்தை எவரும் மறக்கவில்லை. பயணப் பொதியில் வந்த ஊசியையும், முத்திரையற்ற குப்பியையும், உறவினர் மிச்சம் வைத்ததையும் நம்பிப் போட்டுக்கொள்வோர்க்கு இவ்வெச்சரிக்கையே முதல் மருந்து. ஒருவர் பாவித்த ஊசிப் பேனாவை, ஊசிமுனையை மாற்றினாலுங்கூட, மற்றொருவர் பாவித்தல் தகாது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் எமது முன்னோர் அழைத்தனர். பாலங்கள் வந்தபின்னும் இரு கரைகளுக்கும் இடையே வேறொரு வாவி கிடக்கின்றது. ஒரு கரையில் வங்கியும் பேக்கரியும் தனியார் கிளினிக்கும்; மறு கரையில் வயலும் மாடும் நீண்ட பஸ் பயணமும். போசாக்குக் குறைந்த பிள்ளையும், எடை மிகுந்த நீரிழிவுத் தாயும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை நாம் காண்கின்றோம். இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. இரண்டும் ஒரே வறுமையின் இரு முகங்கள். மலிவானது வெள்ளையரிசியும் சீனியும் கோதுமை மாவும். விலையேறியது மீனும் பழமும் பருப்பும். யுத்தமும் 2004இன் கடற்கோளும் பலரை நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் பிரித்தன. உழுதும் வலை இழுத்தும் வாழ்ந்த உடல், தையல் இயந்திரத்தின் முன்னும் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பின்னும் அமர்ந்தது. அதிகாலையில் தனியே நடக்கப் புறப்படும் பெண்ணை ஊர் எவ்வாறு பார்க்கின்றது என்பதை நாம் அறிவோம். அவளிடம் ‘நாளும் அரைமணி நேரம் நடவுங்கள்’ என்று அச்சிட்டுக் கொடுப்பது எளிது. உடல் பருத்தலைத் தனிமனிதனின் சோம்பலாகவும் பேராசையாகவும் சித்திரிக்கும் எழுத்து இச்சமூகக் காரணங்களை மறைக்கின்றது. அதை மூளையிலுள்ள ஒரு ஹோர்மோன் குறைபாடாக மாத்திரம் சித்திரிக்கும் எழுத்தும் அவற்றையே மறைக்கின்றது. முன்னது நோயாளியை இழிவுபடுத்துகின்றது. பின்னது நோயாளியை வாடிக்கையாளனாக்குகின்றது.

இவ்விடத்து நமது அணியினரின் தவறொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. ‘இது பணக்காரர் மெலிவதற்கான மருந்து, உழைக்கும் மக்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று ஏளனம் செய்வோர் நம்மிடையே உளர். அழகுக்காக மெலிய விரும்புவோர் இருப்பது உண்மை. ஆனால், இருதய நோயுள்ள, எடை மிகுந்த, நீரிழிவு அற்ற 17,604 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பாரிசவாதம், இருதய நோயால் மரணம் ஆகியன செமாகுளுட்டைட் பெற்றோரிடம் 20 விழுக்காடு குறைந்தன. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை, உடற்பருமனோடு இருதய அல்லது சிறுநீரக நோயும் கூடிய நீரிழிவுக்காரர்க்கென, அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. காலிழந்த கமக்காரனுக்கும், கழுவல் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்ட சிறுநீரக நோயாளிக்கும் பயன்படக்கூடிய ஒன்றைப் பணக்காரரின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது, அதனைப் பணக்காரரிடமே விட்டுவிடுவதாக முடியும். அரசாங்கக் கிளினிக்கின் அன்றாட மருந்துகள் மெற்போமின், கிளிக்லசைட், இன்சுலின் ஆகியனவே. அவை என்றும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும் என்பது முதற் கோரிக்கை. புதிய மருந்து தேவையுள்ளோர்க்குத் தேவையின் ஒழுங்கிற் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதை மறந்து இரண்டாவதைக் கேட்பது ஆடம்பரம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுப்பது அநீதி.

இவ்விரு கோரிக்கைகளுக்கும் நம்மிடம் மரபு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிற் போதித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், யாழிசையை ஆராய்ந்த அதே ஊக்கத்துடன் 1936இற் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் பணியை வழிநடத்தினார். பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றக் காரணராகி, வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் சொந்தப் பெயரை எழுதுவதும், நாட்டின் தேவைக்கேற்ற பட்டியல் வகுத்து மொத்தமாகக் கொள்வனவு செய்வதும் ஏழையின் உரிமை என்று காட்டினார். மொழியை மக்களுக்குத் திறந்தோர் முன்னிருவர். மருந்தை மக்களுக்குத் திறந்தவர் மூன்றாமவர். இம்மூவரின் வழியிற் செல்வதாயின், நமது பிரதேசத்து வினா-விடைப் பிரசுரம் வைத்தியரின் மேசையிலன்று, வரிசையில் நிற்போரின் வாயிலிருந்து தொடங்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்தியங் கற்கும் மாணவரும், ஊர் எழுத்தாளரும், மருத்துவமாதுகளும் ஒரு மாதம் கிளினிக்குகளில் இருந்து, மக்கள் கேட்பதைக் கேட்டபடியே எழுதிக்கொள்ளட்டும். விடை பின்னர் வரட்டும். அது எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஒரு சிறு மாதிரியைத் தருகின்றோம்.

‘டொக்டர், ஊசிய நிப்பாட்டினா மறுகாவும் உடம்பு வெச்சிருமா?’

‘ஓம் அம்மா, பலருக்கு வைக்கும். குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பலாம். அது உங்களுடைய பிழை இல்லை. மருந்து நின்றதும் பசி திரும்புகிறது. ஆகையால் தொடங்குமுன்னமே, எவ்வளவு காலத்துக்கு உங்களால் வாங்க முடியும் என்று வீட்டாரோடு பேசுங்கள். கடன் பட்டுத் தொடங்க வேண்டாம். சீனிக்கும் பிறஷருக்கும் தரும் குளிசைகளை இதற்காக விட்டுவிட வேண்டாம்.’

இதில் அலங்காரம் இல்லை. வினா அறியாதவரின் வினா, விடை நேர்விடை. அதன் பின்னர் வரும் ஏவலுக்கும் அப்போதுதான் பொருளுண்டு. முதலில் உண்மை, பிறகு அறிவுரை என்ற இவ்வொழுங்கு தலைகீழாகும்போது எழுத்து விளம்பரமாகின்றது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது. ஈற்றிலே, நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் வரையறுக்கின்றார். நோயாளியை முதலில் வைத்து எண்ணிய மரபு நம்முடையது. இன்றைய பிரசுரங்களோ மருந்தை முதலில் வைத்து, வைத்தியனை அதன் முகவனாக்கி, நோயாளியைக் கடைசியில் நிறுத்துகின்றன, பேணுவோனை மறந்தேவிடுகின்றன. இவ்வரிசையை மாற்றுவது வைத்தியரின் வேலை மாத்திரமன்று. எழுதத் தெரிந்தோர் அனைவரின் கடமையும் ஆகும். படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸேறி வரும் தாய் தன் வாயால் ஒரு வினாவைக் கேட்கவும், தன் மொழியில் அதற்கு நேரான விடை பெறவும் வேண்டும். அந்த நாள் வரும்வரை இவ்வெழுத்துக்களை நாம் தொடர்ந்து விமர்சிப்போம்.